சிறிய வாயு மின்நிலையமும் நாட்டின் மின்சாரமும்

காவிரிப் பாசனப் பகுதியில் வாயு மின்நிலையங்கள் அமைந்துள்ள ஊர்களிலே ஒரு கேள்வி அடிக்கடி எழுவதுண்டு. "மின்சாரம் எங்கள் எல்லையிலேயே உற்பத்தியாகின்றது. அப்படியிருக்க, எங்கள் பம்புசெட்டு ஏன் நிற்க வேண்டும்? எங்கள் தெருவிளக்கு ஏன் அணைய வேண்டும்?" என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. கிராம சபையில் இதற்கு விடை கூறும் பொறுப்புப் பஞ்சாயத்துத் தலைவருக்கும் அங்கத்தினர்களுக்கும் வந்து சேருகின்றது. அந்நிலையம் எவ்வாறு வேலை செய்கின்றது, யாருக்காக ஓடுகின்றது, நாட்டின் மின்சார ஏற்பாட்டில் அதற்குரிய இடம் யாது என்பவை தெரிந்திருந்தாலன்றி இதற்குத் தெளிவாக விடை சொல்ல இயலாது.

மாநில அரசின் மின் உற்பத்தி நிறுவனத்துக்குச் சொந்தமான மூன்று வாயு மின்நிலையங்கள், எரிவாயு கிடைக்கும் இடங்களுக்கு அருகிலேயே கட்டப்பட்டிருக்கின்றன. திருவாரூர் மாவட்டம் மன்னார்குடி வட்டத்திலுள்ள கோவில்களப்பால் நிலையம் 107.88 மெகாவாட் திறனுடையது. குத்தாலம் நிலையம் 101 மெகாவாட். இராமநாதபுரத்தை அடுத்த வழுதூரில் இரு பகுதிகளாக உள்ளது 187.2 மெகாவாட். புதுச்சேரி அரசின் நிறுவனம் காரைக்காலில் நடத்தி வரும் நிலையமோ 32.5 மெகாவாட்தான்.

ஒரு மெகாவாட் என்பது 1,000 கிலோவாட். நமது வயல்களில் உள்ள 5 குதிரைச் சக்தி மோட்டார் ஓடும்பொழுது ஏறத்தாழ நாலரைக் கிலோவாட் மின்சாரம் எடுத்துக்கொள்கின்றது. ஆகவே, 100 மெகாவாட் நிலையம் முழுத் திறனோடு ஓடினால் சுமார் 20,000 மோட்டார்களை ஒரே சமயத்தில் இயக்கலாம். இவ்வளவு சக்தியுடையதைச் சிறியது என்று சொல்வது விந்தையாகத் தோன்றக்கூடும். ஆனால், மேட்டூர் அனல் மின்நிலையத்தில் நான்கு யந்திரங்கள் ஒவ்வொன்றும் 210 மெகாவாட். ஐந்தாவது யந்திரம் 600 மெகாவாட். அத்தகையவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்பொழுது நம் டெல்டா நிலையங்கள் சிறியவையே.

வாயு மின்நிலையத்தின் வேலை முறையை அறிந்துகொள்வது கடினமன்று. வெளிக்காற்றை உள்ளே இழுத்து, பத்து மடங்குக்கும் மேலாக அழுத்துகிறார்கள். அழுத்திய அக்காற்றில் எரிவாயுவைச் செலுத்தி எரிக்கிறார்கள். ஆயிரம் டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணத்தோடு பாய்ந்து வரும் அனற்காற்று, டர்பைன் எனப்படும் சுழலியின் தகடுகளை வேகமாகச் சுழற்றுகின்றது. சுழலியோடு இணைந்த ஜெனரேட்டர் மின்சாரம் தருகின்றது. ஆகாய விமானத்தின் ஜெட் யந்திரமும் இதே தத்துவத்தில் இயங்குவதுதான். இதில் கவனிக்கத் தக்க ஒரு செய்தி உண்டு. சுழலி உண்டாக்கும் சக்தியில் பாதிக்கு மேல், காற்றை அழுத்தும் வேலைக்கே செலவாகிவிடுகின்றது. மீதியே மின்சாரமாகின்றது.

இத்துடன் நின்றுவிட்டால், எரிவாயுவின் உஷ்ண சக்தியில் மூன்றில் ஒரு பங்குதான் பயனாகும். சுழலியைக் கடந்து வெளியேறும் காற்று அப்பொழுதும் சுமார் 500 டிகிரி உஷ்ணத்தோடு இருக்கும். அதை ஆகாயத்தில் விட்டுவிட மனம் வருமா? நம் வீடுகளில் கொடியடுப்பு இருந்தது. இன்றும் சில வீடுகளில் இருக்கின்றது. முதல் அடுப்பில் சோறு வேகும். அங்கிருந்து தப்பி வரும் அனல் பக்கத்துக் கொடியடுப்பில் குழம்பைக் கொதிக்க வைக்கும். அதற்கென்று தனியாக விறகு வைப்பதில்லை. வாயு மின்நிலையத்திலும் இதே உபாயத்தைத்தான் கையாள்கிறார்கள். வெளியேறும் அனலைக் கொண்டு ஒரு கொதிகலனில் நீரை ஆவியாக்கி, அந்த நீராவியால் இரண்டாவது சுழலியைச் சுழற்றுகிறார்கள். காரைக்கால் நிலையத்தின் 32.5 மெகாவாட்டில் 22.9 மெகாவாட் வாயுச் சுழலியின் பங்கு, எஞ்சிய 9.6 மெகாவாட் நீராவிச் சுழலியின் பங்கு. பின்னது கூடுதல் எரிபொருள் இன்றிக் கிடைப்பது. இவ்வாறு இரண்டையும் சேர்த்து நடத்தும்பொழுது, சிறிய நிலையத்திலும் எரிவாயுவின் சக்தியில் ஏறத்தாழப் பாதி மின்சாரமாகிவிடும். 100 மெகாவாட் நிலையம் நாள் முழுவதும் முழுத் திறனோடு ஓடச் சுமார் 5 லட்சம் கனமீட்டர் வாயு தேவைப்படும். அதற்கு ஈடாக 24 லட்சம் யூனிட் கிடைக்கும்.

நிலக்கரி நிலையத்தில் சேரும் சாம்பல் மலை இங்கு இல்லை. புகையும் குறைவு. ஒரு யூனிட்டுக்கு வெளியாகும் கரியமில வாயு நிலக்கரியில் ஏற்படுவதில் சுமார் பாதிதான். அதற்காக இது முற்றிலும் தூய்மையானது என்று நாம் சொல்லமாட்டோம். நீராவிப் பகுதியைக் குளிர்விக்கத் தண்ணீர் வேண்டும். உயர்ந்த உஷ்ணத்தில் எரிவதால் நைட்ரஜன் புகைகளும் உண்டாகும். தண்ணீர் எங்கிருந்து எடுக்கப்படுகின்றது, கழிவு நீர் எங்கே விடப்படுகின்றது என்பதைப் பஞ்சாயத்து கேட்டுத் தெரிந்துகொள்வது அதன் உரிமையும் கடமையும் ஆகும்.

இனி, முதலில் எடுத்துக்கொண்ட கேள்விக்கு வருவோம். மின்நிலையத்தில் உண்டாகும் மின்சாரம் நேரே பக்கத்துத் தெருவுக்குப் போவதில்லை. அது உயர் அழுத்தக் கம்பிகளில் ஏறி, நாடு முழுவதும் பின்னிக் கிடக்கும் மின்தொடரில் கலந்துவிடுகின்றது. பிறகு துணை மின்நிலையத்தில் இறங்கி, 11,000 வோல்ட் கம்பி வழியாக ஊர் டிரான்ஸ்பார்மருக்கு வந்து, அங்கிருந்து வீட்டுக்கும் வயலுக்கும் வருகின்றது. ஆறு ஊரை ஒட்டியே ஓடினாலும் வயலுக்கு நீர் அதற்குரிய மதகு வழியாகத்தானே வர வேண்டும்? வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் ஆற்றைக் குறை சொல்லிப் பயனில்லை. கிராமத்தில் மின்தடை ஏற்படுவது பெரும்பாலும் இந்தக் கடைசிப் பகுதியில் உண்டாகும் பழுதினால்தான். கம்பியில் விழுந்த தென்னை மட்டைக்கும், அளவுக்கு மீறிச் சுமை ஏற்றப்பட்ட டிரான்ஸ்பார்மருக்கும் மின்நிலையம் பொறுப்பாகாது. அவற்றுக்குப் பரிகாரம் தேட வேண்டிய இடம் மின்வாரியத்தின் பிரிவு அலுவலகமே.

அப்படியானால் நிலையம் அருகில் இருப்பதால் ஊருக்கு ஒரு நன்மையும் இல்லையா என்றால், இருக்கின்றது. மின்சாரம் நெடுந்தூரம் கம்பியில் வரும்பொழுது வழியில் ஒரு பகுதி உஷ்ணமாக வீணாகும், வோல்ட்டேஜும் தாழும். கடைமடைக்கு நீர் மெலிந்து போய்ச் சேருவது போன்றதே இது. வோல்ட்டேஜ் தாழ்ந்தால் மோட்டார் அதிக மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறும், சுருள் கருகும். குறுவை நாற்றங்கால் நேரத்தில் மோட்டார் கருகினால் என்ன பாடு என்பதை விவசாய நண்பர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. தொடரின் கோடியிலே ஒரு மின்நிலையம் இருந்தால், அவ்வட்டாரம் முழுவதிலும் வோல்ட்டேஜைத் தாங்கிப் பிடிக்க அது உதவும்.

நாடு முழுமைக்கும் இதனால் என்ன பயன் என்பது இதைவிட முக்கியமானது. மின்சாரத்தைப் பெரும் அளவில் குதிரில் நெல்லைப் போல் கொட்டி வைத்துக்கொள்ள இயலாது. எந்த விநாடியில் எவ்வளவு செலவாகின்றதோ அந்த விநாடியில் அவ்வளவு உற்பத்தியாக வேண்டும். இந்தச் சமநிலையைக் காட்டும் அளவுகோல் ஒன்று உண்டு. நமது மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைவது. செலவு மிகுந்தால் இந்த எண்ணிக்கை தாழும். உற்பத்தி மிகுந்தால் ஏறும். 49.90-க்கும் 50.05-க்கும் இடையே அதை நிறுத்தி வைக்க வேண்டும் என்பது விதி. திருவாரூர்த் தேரை எண்ணிப் பாருங்கள். ஆயிரக்கணக்கானோர் ஒரே வடத்தைப் பிடித்து ஒரே கதியில் இழுக்கிறார்கள். சிலர் கைவிட்டால் மற்றவர்மேல் பாரம் ஏறும். தேரின் கதி தளரும். கோவில்களப்பாலில் சுழலும் ஜெனரேட்டரும், காஷ்மீரத்து மலையாற்றில் சுழலும் ஜெனரேட்டரும் இன்று ஒரே வடத்தைப் பிடித்தவைதாம்.

இது முன்பிருந்தே அவ்வாறு இருந்ததன்று. 2013-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் தேதி, ராய்ச்சூர்-சோலாப்பூர் உயர் அழுத்தப் பாதை வழியாகத் தென்னக மின்தொடர் நாட்டின் ஏனைய பகுதிகளின் தொடரோடு ஒருங்கிணைந்து ஓடத் தொடங்கியது. அதற்கு முந்திய ஆண்டில், 2012 ஜூலை 30, 31 தேதிகளில், வடநாட்டிலும் பின்னர் கிழக்கிலும் வடகிழக்கிலும் மின்தொடர்கள் சாய்ந்து, 60 கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் பகுதிகள் மின்சாரம் இழந்தன. தென்னகம் அப்பொழுது தனிக் கதியில் ஓடியதால் தப்பியது. இன்று ஒருவர் கஷ்டத்தில் மற்றவர் கைகொடுக்கலாம். ஒருவர் தவறு மற்றவரைத் தொடவும் செய்யலாம். ஆகவே, தளர்வு கண்டவுடன் விரைந்து தோள் கொடுக்கும் நிலையங்கள் நாட்டுக்கு அவசியமாகின்றன.

வாயுச் சுழலியின் தனிச் சிறப்பு இங்கேதான் விளங்குகின்றது. குளிர்ந்து கிடக்கும் நிலக்கரிக் கொதிகலனைச் சூடேற்றி முழுத் திறனுக்குக் கொண்டு வரப் பல மணி நேரம் பிடிக்கும். வாயுச் சுழலியைச் சில பத்து நிமிஷங்களில் ஓட்டத்துக்குக் கொண்டு வரலாம். அதன் நீராவிப் பகுதி மட்டும் சற்று நேரம் எடுத்துக்கொள்ளும். தொடர் அடியோடு இருண்டுவிட்டால், வெளி மின்சாரத்தின் உதவியின்றித் தானே எழுந்து நின்று மற்ற நிலையங்களையும் எழுப்பும் பணி நீர்மின் நிலையங்களுக்கும், அதற்கென்று வசதி செய்யப்பட்ட வாயு நிலையங்களுக்கும் உரியது. சூரிய மின்சாரம் பெருகியுள்ள இந்நாளில் இதன் தேவை குறையவில்லை, கூடியிருக்கின்றது. பகல் முழுவதும் சூரியத் தகடுகள் ஏராளமாகத் தருகின்றன. மாலை 6 மணிக்கு அவை ஓய்ந்துவிடுகின்றன. அதே நேரத்தில் நாட்டின் வீடுகளிலெல்லாம் விளக்கும் விசிறியும் குளிர்சாதனமும் ஓடத் தொடங்குகின்றன. அந்த நான்கைந்து மணி நேரந்தான் மின்தொடரை நடத்துவோருக்குச் சோதனைக் காலம்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் டெல்டா நிலையங்கள் மாலைக்கென்று காத்திருந்து எழுபவை அல்ல. எண்ணெயோடு கூடவும் தனியாகவும் கிணறுகளிலிருந்து வரும் வாயுவைப் பெரும் அளவில் தேக்கி வைக்க இங்கே வசதி கிடையாது. வந்த அளவுக்கு எரித்து ஓட வேண்டியதே. முன்னாளில் எண்ணெய்க் கிணற்று வாயுவைப் பயன்படுத்த வழியில்லாத இடங்களில் வீணே கொளுத்திவிடுவார்கள். நெடுந்தூரம் குழாய் போட்டுக் கொண்டு செல்லக் கட்டுபடியாகாத சிறு சிறு வாயு ஊற்றுகளை அந்தந்த இடத்திலேயே மின்சாரமாக்குவதுதான் இச்சிறு நிலையங்களின் முதற் பயன். வேண்டும்பொழுது எழுந்து உதவுவது, குழாய்த் தொடரில் இணைந்து, வாயுவைக் கேட்ட நேரத்தில் பெறக்கூடிய நிலையங்களுக்கே எளிது.

நாட்டுக் கணக்கைப் பார்ப்போம். 2024 மார்ச் முடிவில் இந்தியாவின் மொத்த மின் உற்பத்தித் திறன் சுமார் 4,42,000 மெகாவாட். இதில் வாயு நிலையங்களின் பங்கு சுமார் 25,000 மெகாவாட். அதாவது, நூற்றுக்கு ஐந்தரை அல்லது ஆறு. ஆனால், 2023-24-இல் நாட்டில் உற்பத்தியான யூனிட்டுகளில் வாயுவின் பங்கு நூற்றுக்கு இரண்டைச் சுற்றியே இருந்தது. யந்திரம் இருக்கின்றது, வாயு இல்லை என்பதே இதன் பொருள். கிருஷ்ணா-கோதாவரிக் கடற்பகுதியில் 2009-இல் பெரும் அளவில் வாயு எடுக்கத் தொடங்கியபொழுது, அதை நம்பி எங்கும் நிலையங்கள் எழுந்தன. ஓரிரு ஆண்டுகளிலேயே அந்த ஊற்று எதிர்பாராத வகையில் குன்றிவிட்டது. 2015-இல் உள்நாட்டு வாயு அறவே கிடைக்காமல் 14,000 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நிலையங்கள் முடங்கிக் கிடந்தன. வெளிநாட்டிலிருந்து திரவமாகக் கப்பலில் வரும் வாயுவை உதவித் தொகையுடன் கொடுத்து அவற்றை ஓரளவு ஓட்டும் திட்டம் ஒன்றை மத்திய அரசு இரண்டு ஆண்டுகள் நடத்தியது. இறக்குமதி வாயுவின் விலை உலக நிலவரத்தைப் பொறுத்தது. 2022-இல் உக்ரேன் யுத்தம் மூண்டபொழுது அது எட்டாத உயரத்துக்குச் சென்றுவிட்டது. கிணறு தோண்டுமுன் தண்ணீர்ப் பாங்கு பார்ப்பது நம் விவசாயிகளின் வழக்கம். வாயு நிலையங்கள் பலவற்றைக் கட்டியவர்கள் இந்த எச்சரிக்கையைக் கைக்கொள்ளவில்லை என்பதே நமது கருத்து.

எனினும், முடங்கிய யந்திரங்கள் ஒரு நெருக்கடியில் கை கொடுக்கவே செய்தன. 2024 கோடையில் வெப்பம் கடுமையாயிற்று. மின்சாரச் சட்டத்தின் 11-ஆம் பிரிவைப் பயன்படுத்தி, மே 1 முதல் ஜூன் 30 வரை வாயு நிலையங்கள் ஓடத் தயாராக இருக்க வேண்டும் என்று மத்திய அரசு ஆணையிட்டது. அந்த மே மாதம் 30-ஆம் தேதி நாட்டின் மின்தேவை 2,50,000 மெகாவாட் என்னும் அதுவரை காணாத அளவை எட்டியது. ஆண்டில் பல மாதங்கள் உறங்கினாலும், அத்தகைய நாட்களுக்காகவே அவற்றைப் பராமரித்து வைக்க வேண்டியிருக்கின்றது. ஊரில் தீயணைக்கும் வண்டி நிற்பதைப் போன்றது அது. வருங்காலத்தில் இவ்வேலையின் பெரும்பகுதியை மின்கலத் தொகுதிகளும், கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் உள்ளது போன்ற நீரேற்று மின்நிலையங்களும் ஏற்றுக்கொள்ளலாம். காடம்பாறையின் திறன் 400 மெகாவாட்.

வாயு குறைவாக இருக்கும்பொழுது யாருக்கு முதலில் கொடுப்பது என்னும் பிரச்னை எழுகின்றது. இது விவசாயிகளை நேரடியாகத் தொடும் விஷயம். யூரியா உரத்துக்கு மூலப்பொருள் இயற்கை வாயுவே. முன்பு நாப்தாவைக் கொண்டு இயங்கிய தூத்துக்குடி உர ஆலை வாயுவுக்கு மாறியிருக்கின்றது. இராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடிக்கு 143 கிலோமீட்டர் நீளமுள்ள வாயுக் குழாய் 2021 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. மின்சாரத்தை நிலக்கரியிலிருந்தும், நீரிலிருந்தும், காற்றிலிருந்தும், வெயிலிலிருந்தும் பெறலாம். யூரியாவுக்கு அத்தனை வழிகள் இல்லை. ஆகவே, வயலுக்கு வேண்டிய உரத்துக்கு வாயு முந்திப் போனால் அதை விவசாயிகள் குறை சொல்வதற்கில்லை.

டெல்டாவின் நிலை தனி. இங்குள்ள கிணறுகள் காலத்தால் வற்றக் கூடியவை. 2020-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டப் பகுதிகளிலும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில வட்டாரங்களிலும் எண்ணெய், எரிவாயு ஆகியவற்றுக்காகப் புதிதாகத் துளையிடுவதைத் தடை செய்திருக்கின்றது. அன்றைய நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்த மயிலாடுதுறைக்கும் அது பொருந்தும். முன்பே நடைபெற்று வந்தவற்றை அச்சட்டம் நிறுத்தவில்லை. நெல் விளையும் நிலத்தைக் காப்பதே பெரிது என்று அரசு தீர்மானித்தது. அத்தீர்மானம் சரியென்றே நாம் கருதுகின்றோம். ஆனால் அதன் விளைவையும் உணர்ந்திருக்க வேண்டும். இருக்கும் கிணறுகள் ஓயும்பொழுது இச்சிறு நிலையங்கள் வெளியிலிருந்து குழாயில் வரும் வாயுவை நம்பி வாழ வேண்டும். அல்லது ஓய வேண்டும். எண்ணூரில் 2019-இல் திரவ வாயு இறக்கும் துறை செயற்படத் தொடங்கியது. அங்கிருந்து தெற்கு நோக்கி நாகப்பட்டினம், மதுரை, தூத்துக்குடி வரை குழாய் கொண்டு செல்லும் திட்டம் உண்டு. குழாய் என்றால் அது வயல்களின் ஊடாகத்தான் செல்லும். ஆகவே அது சம்பந்தமான சட்டத்தை ஒவ்வொரு பஞ்சாயத்தும் அறிந்திருப்பது நலம்.

1962-ஆம் ஆண்டின் பெட்ரோலியக் குழாய்ச் சட்டத்தின்படி நிலத்தின் உடைமை மாறுவதில்லை. குழாய் பதிக்கவும் பராமரிக்கவும் உபயோக உரிமை மட்டுமே எடுத்துக்கொள்ளப்படுகின்றது. முதல் அறிவிக்கை வெளியான 21 நாட்களுக்குள் நிலத்தில் உரிமையுள்ளவர் தம் ஆட்சேபத்தைத் தகுதி பெற்ற அதிகாரியிடம் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். இந்த 21 நாட்கள் பேச்சிலும் பஞ்சாயத்திலும் கழிந்து போவதுதான் பல ஊர்களில் நேரும் குறை. குழாய் பதித்த பின்னர் அதன் மேல் முன்போலவே நெல்லும் உளுந்தும் பயிரிடலாம். ஆனால் அந்தப் பட்டைக்குள் கட்டடம் எழுப்பக்கூடாது, கிணறோ குளமோ வெட்டக்கூடாது, மரம் வைக்கக்கூடாது. இதற்கு ஈடாக, அறிவிக்கை நாளில் அந்நிலத்துக்கு இருந்த சந்தை மதிப்பில் நூற்றுக்குப் பத்து வழங்கப்படும். பயிருக்கும் மரத்துக்கும் ஏற்பட்ட சேதத்துக்குத் தனியாக ஈடு உண்டு. தொகை போதாதென்று கருதுபவர் மாவட்ட நீதிபதியிடம் முறையிடலாம். கிரயப் பத்திரம், சிட்டா, அடங்கல் முதலியவற்றைச் சரியாக வைத்திருப்பவருக்கே இதெல்லாம் எளிதில் கைகூடும். வாய்மொழிக் குத்தகையில் பயிரிடுபவரின் பெயரும் பயிர்ச் சேதக் கணக்கில் விடுபடாதபடி பார்த்துக்கொள்வது பஞ்சாயத்து அங்கத்தினர்கள் செய்யக்கூடிய பேருதவியாகும்.

பாதுகாப்பைப் பற்றியும் இரண்டு வார்த்தை. 2014 ஜூன் 27-ஆம் தேதி, ஆந்திரப் பிரதேசத்தில், அப்பொழுது கிழக்குக் கோதாவரி மாவட்டத்தில் இருந்த நகரம் என்னும் ஊரில் வாயுக் குழாய் வெடித்து 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இயற்கை வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வீடுகளுக்கு வழங்கும் வாயுவில் மணம் சேர்ப்பார்கள். கிணற்றிலிருந்து நேரே வரும் குழாயில் அது இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. தேங்கிய வயல் நீரில் இடைவிடாமல் குமிழிகள் எழுதல், பூமிக்குள்ளிருந்து சீறும் ஓசை, பாதை நெடுகப் பயிர் மஞ்சளித்தல் ஆகியவை கசிவின் அறிகுறிகள். இவற்றைக் கண்டவர் அருகில் நெருப்புப் பற்ற வைக்கக்கூடாது. மோட்டார் சுவிட்சைத் தொடக்கூடாது, வண்டியைக் கிளப்பக்கூடாது. கைப்பேசியையும் அங்கே நின்று உபயோகிக்காமல், காற்று வரும் திசையாகப் பார்த்து விலகிச் சென்ற பிறகே பேச வேண்டும். குழாய்ப் பாதையில் ஆங்காங்கே நடப்பட்டுள்ள எச்சரிக்கைக் கம்பங்களில் அவசரத் தொலைபேசி எண் எழுதப்பட்டிருக்கும். அந்த எண்ணைப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரிலும், பள்ளிக்கூடத்திலும், நியாய விலைக் கடையிலும் பெரிய எழுத்தில் எழுதி வைத்துவிடலாம். அதற்கு ஆகும் செலவு ஒரு டப்பா வர்ணந்தான்.